குற்றப் பட்டியலில் மேலே நிற்கும் மாநிலம் ஆபத்தான மாநிலமா?

வவுனியாவிலிருந்து ஒரு தந்தை கேட்டிருக்கிறார். அவருடைய மகளுக்கு இந்தியாவில் பட்டப்படிப்புக்கு இரண்டு இடங்களில் அனுமதி கிடைத்திருக்கிறது. ஒன்று கேரளத்தில் கொச்சியில், மற்றது உத்தரப் பிரதேசத்தில். இந்திய மாநிலங்களின் குற்றப் பட்டியலைக் கைப்பேசியில் காட்டிய உறவினர் ஒருவர், "கேரளம் உச்சியில் நிற்கிறது, உத்தரப் பிரதேசம் எவ்வளவோ கீழே, பிள்ளையைக் கேரளத்துக்கு அனுப்பாதே" என்று சொல்லிவிட்டாராம். அந்தப் பட்டியல் ஒரு மாநிலம் எவ்வளவு ஆபத்தானது என்பதைக் காட்டுகிறதா என்பதே அவருடைய கேள்வி.

பெரும்பாலும் காட்டுவதில்லை என்பதே என் பதில். கிளிநொச்சி மாவட்டத்தில் புள்ளிவிபர உத்தியோகத்தராக வேலை செய்து ஓய்வு பெற்ற பின், சில ஆண்டுகளாக எங்கள் பகுதி மத்தியஸ்த சபையில் உறுப்பினராக இருக்கிறேன். முதல் வேலையில் எண்கள் தாளில் எப்படி ஏறுகின்றன என்பதைப் பார்த்தேன்; இரண்டாவதில், தாளில் ஏறாமலே போகிறவற்றைப் பார்க்கிறேன். இந்தக் கேள்விக்கு விரிவாகப் பதில் எழுத வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவே காரணம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: உறவினர் காட்டிய எண்கள் பொய்யானவை அல்ல. 1986 இல் தொடங்கப்பட்ட இந்தியாவின் தேசிய குற்ற ஆவணக் காப்பகம், மாநிலப் பொலிசார் அனுப்பும் கணக்குகளைத் தொகுத்து ஆண்டுதோறும் வெளியிடுகிறது. 2022 ஆம் ஆண்டுக்கான அறிக்கையின்படி, தண்டனைச் சட்டக் குற்றங்கள் கேரளத்தில் ஓர் இலட்சம் பேருக்கு 660 அளவிலும், உத்தரப் பிரதேசத்தில் 170 அளவிலும் பதிவாகியிருந்தன. அகில இந்தியச் சராசரி 258. இதை அப்படியே எடுத்துக்கொண்டால், கேரளம் உத்தரப் பிரதேசத்தை விட ஏறத்தாழ நான்கு மடங்கு ஆபத்தானது என்று ஆகிவிடும். இரண்டு மாநிலங்களையும் ஓரளவு அறிந்தவர் எவரும் இதை நம்பமாட்டார். எனினும், நம்பாமல் விடுவதற்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

குற்றம் என்ற ஒரே சொல்லுக்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்று பார்த்தால் முதற் காரணம் தெரியும். அந்த ஆண்டு நடைமுறையில் இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில், பொது வீதியில் கவனமின்றி வாகனம் ஓட்டுவது 279 ஆம் பிரிவின் கீழ் ஒரு குற்றம். கொலையும் ஒரு குற்றம். மொத்தக் கணக்கில் இரண்டும் தலா ஒன்றாகவே எண்ணப்படும். கேரளத்தில் வாகன விபத்துகளை ஒட்டிய இத்தகைய வழக்குகள் பெருந்தொகையாகப் பதியப்படுகின்றன. இதற்கு மாறாக, ஒரே சம்பவத்தில் பல குற்றங்கள் நடந்திருந்தால், அவற்றுள் மிகக் கடுமையானது மட்டுமே எண்ணப்படும் என்பது அந்தக் காப்பகத்தின் விதி. ஒரு பெண் வன்புணர்வுக்குள்ளாகிக் கொல்லப்பட்டால் கணக்கில் அது ஒரு குற்றம். பக்கத்துத் தெருவில் இரண்டு மோட்டார் சைக்கிள்களை விரைவாக ஓட்டியதற்காகப் பதியப்பட்ட இரண்டு வழக்குகள் இரண்டு குற்றங்கள்.

இது எவ்வளவு தூரம் கணக்கைப் புரட்டிவிடும் என்பதற்கு 2020 ஆம் ஆண்டைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. கொரோனா முடக்கத்தினால் மக்கள் வீடுகளுக்குள் அடங்கியிருந்த ஆண்டு அது. ஆனாலும் இந்தியாவில் பதிவான மொத்தக் குற்றங்கள் 5,156,158 இலிருந்து 6,601,285 ஆக, அதாவது 28 சதவீதத்தால் உயர்ந்தன. அரச ஊழியரின் உத்தரவை மீறுவது பற்றிய 188 ஆம் பிரிவில் முந்திய ஆண்டு 29,469 ஆக இருந்த வழக்குகள் அந்த ஆண்டு 612,179 ஆகின. முடக்க காலத்தில் வெளியே வந்தவர்களின் கணக்கு அது. தமிழ்நாட்டுப் பொலிசார் அத்தகைய வழக்குகளை மிகுதியாகப் பதிந்ததால் அந்த மாநிலமும் மொத்தக் குற்றப் பட்டியலின் உச்சிக்கு ஏறியது. அதே ஆண்டில் நாடு முழுவதும் கொலைகள் ஒரு சதவீதமே கூடின; பெண்களுக்கு எதிரான குற்றங்களாகப் பதிவானவை எட்டுச் சதவீதத்துக்கு மேல் குறைந்தன. கணவனோடும் மாமன் மாமியோடும் ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடந்த பெண்களுக்கு அந்த ஆண்டு பாதுகாப்பானதாக அமைந்தது என்று எவரும் அதற்குப் பொருள் கொள்ள முடியாது. பொலிஸ் நிலையத்துக்குப் போகும் வழிதான் அடைபட்டிருந்தது.

பதிவு கூடுவதும் குற்றம் கூடுவதும் வேறு வேறு என்பதை அந்தக் காப்பகமே தன் அறிக்கைகளில் எழுதி வைத்திருக்கிறது. பொலிஸ் கணக்கு உயர்வதைக் கண்டு குற்றம் பெருகிவிட்டது என்றும் பொலிசார் திறமையற்றவர்கள் என்றும் முடிவு செய்வது தவறு என்ற எச்சரிக்கை அங்கே இருக்கிறது. பட்டியலைப் படம் எடுத்து அனுப்புகிறவர்கள் அந்தப் பக்கத்தைச் சேர்த்து அனுப்புவதில்லை.

ஒரு சம்பவம் எப்படி எண்ணாகாமல் போகிறது என்பதற்கு என் சொந்த அனுபவம் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்பு, சிறுபோகத்தின் போது, வயல் கிணற்றடியில் இருந்த என்னுடைய நீர் இறைக்கும் இயந்திரம் ஓர் இரவில் காணாமற் போனது. காலையில் முறைப்பாடு செய்யப் போனேன். தமிழில் எழுதக்கூடிய உத்தியோகத்தர் கடமையில் இல்லை, நாளைக்கு வாருங்கள் என்றார்கள். மறுநாள் போனபோது, இயந்திரம் வாங்கிய பற்றுச்சீட்டைக் கொண்டுவரச் சொன்னார்கள். பற்றுச்சீட்டு இருக்கவில்லை, தண்ணீர் இல்லாமல் பயிர் வாடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் நான் போகவில்லை. கடன்பட்டு வேறோர் இயந்திரம் வாங்கினேன். ஒருவர் களவெடுத்தார், ஒருவர் இழந்தார், ஊருக்கே தெரியும். ஆனால் அந்த ஆண்டின் குற்றக் கணக்கில் அந்தக் களவு இல்லை. அதே மாதத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒருவருடைய மோட்டார் சைக்கிள் களவு போனது. காப்புறுதிப் பணம் கேட்பதற்குப் பொலிஸ் அறிக்கை தேவை என்பதால், அவர் நான்கு தடவை அலைந்து அதைப் பதிவித்தார். மொழியும் நேரமும் தூரமும் பற்றுச்சீட்டும் எல்லாம் சேர்ந்துதான் ஒரு களவை எண்ணாக்குகின்றன.

இதை இந்திய மாநிலங்களுக்குப் பொருத்திப் பாருங்கள். டில்லியில் 2015 முதல் வாகனக் களவுகளை இணையவழியாகவே பதியலாம். பொலிஸ் நிலையத்து மேசைக்கு முன்னால் நின்று கெஞ்ச வேண்டியதில்லை. டில்லியின் குற்றவீதம் வானளவு உயர்ந்து தெரிவதற்கு அதுவும் ஒரு முக்கிய காரணம். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் கிடைத்தால் பொலிசார் முதல் தகவல் அறிக்கை, அதாவது வழக்கைத் தொடக்கும் பொலிஸ் பதிவு, பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அப்படி ஒரு தீர்ப்பு தேவைப்பட்டதே, பதியாமல் திருப்பியனுப்புவது எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்குச் சான்று. கேரளத்தில் எழுத்தறிவு அதிகம், பொலிஸ் நிலையங்கள் வீட்டுக்கு அண்மையில் இருக்கின்றன, உரிமையைக் கேட்டுப் பழகிய சமூகம் அது. அங்கே தாளில் ஏறும் சச்சரவுகளில் பல, வேறு மாநிலங்களில் வாய்ப்பேச்சோடு முடிந்துபோகும்.

பெண் பிள்ளையை அனுப்புகிற தந்தைக்கு மிகவும் முக்கியமானது பெண்களுக்கு எதிரான குற்றங்களின் கணக்கு என்பதால், அதைச் சற்று ஆழமாகப் பார்க்க விரும்புகிறேன். 2022 இல் ஓர் இலட்சம் பெண்களுக்கு 66.4 என்பது இந்தியச் சராசரி. கேரளம் அதற்கு மேலே. தமிழ்நாடு அதன் பாதிக்கும் கீழே. இதைப் பார்த்துத் தமிழ்நாட்டுப் பெண்கள் கேரளப் பெண்களைவிடப் பல மடங்கு நிம்மதியாக இருக்கிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். ஆனால், பொலிசைச் சாராமல் வீடு வீடாகச் சென்று பெண்களிடமே கேட்டு எழுதும் தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று, 2019 முதல் 2021 வரை நடந்தது. கணவனிடமிருந்து உடல்ரீதியான அல்லது பாலியல்ரீதியான வன்முறையை எப்போதாவது அனுபவித்ததாகச் சொன்ன மணமான பெண்கள் தமிழ்நாட்டில் 38 சதவீதம், கேரளத்தில் 10 சதவீதம். பொலிஸ் கணக்கில் கீழே இருக்கும் மாநிலம் பெண்களின் வாய்மொழியில் மேலே வந்துவிட்டது. மேலே இருந்தது கீழே போய்விட்டது.

காரணங்கள் பல. இந்தியாவின் முதலாவது மகளிர் பொலிஸ் நிலையம் 1973 இல் கேரளத்தின் கோழிக்கோட்டில் திறக்கப்பட்டது. முறைப்பாடு கொடுக்கும் பழக்கம் அங்கே இரண்டு தலைமுறைப் பழக்கம். தமிழ்நாட்டிலும் 1992 முதல் மகளிர் நிலையங்கள் உண்டு. ஆனால் அங்கே குடும்பப் பிணக்கோடு வரும் பெண்ணுக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் மனு பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதுதான். இரு தரப்பையும் அழைத்துப் பேசிச் சமாதானம் செய்து அனுப்பிவிட்டால், முதல் தகவல் அறிக்கை இல்லை; அறிக்கை இல்லையேல் குற்றக் கணக்கில் அந்தப் பெண் இல்லை. அதே ஆய்வில், வன்முறைக்கு உள்ளான இந்தியப் பெண்களில் 14 சதவீதமானோரே எவரிடமாவது உதவி தேடியிருக்கிறார்கள். 77 சதவீதமானோர் எவரிடமும் சொல்லவே இல்லை. அந்த 14 இலும் பெரும்பாலானோர் போனது பிறந்த வீட்டுக்கு, பொலிசுக்கு அல்ல. ஆய்வாளரிடம் வாய் திறக்கும் துணிவும் இடத்துக்கு இடம் வேறுபடும் என்பதால் இந்த ஆய்வையும் இறுதி வார்த்தையாக நான் கொள்ளமாட்டேன். எனினும் பொலிஸ் பட்டியலைவிட இது உண்மைக்கு நெருக்கமாக நிற்கிறது.

அப்படியானால் எந்த எண்ணையுமே நம்ப முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். கொலைக் கணக்கை ஓரளவு நம்பலாம். சாதாரண காலத்தில் ஒரு சடலத்தை மறைப்பது கடினம். மரண விசாரணை நடக்க வேண்டும், வைத்தியசாலையிலும் பதிவு இருக்கும். 2022 இல் கேரளத்தின் கொலை வீதம் ஓர் இலட்சத்துக்கு ஒன்றுக்குச் சற்றுக் குறைவு. உத்தரப் பிரதேசத்தில் ஒன்றரை. பீகாரில் இரண்டுக்கு மேல். ஜார்க்கண்டில் நான்கு அளவில். இந்த வரிசை முற்பட்ட வரிசைக்கு நேர்மாறானது. எல்லாக் குற்றங்களையும் கூட்டிய பட்டியலில் மேலே நின்ற கேரளம், மறைக்க முடியாத குற்றத்தில் பெரிய மாநிலங்களுள் மிகக் கீழே நிற்கிறது. இந்த வித்தியாசத்தைப் பதிவுப் பழக்கத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஜார்க்கண்டுக்கும் கேரளத்துக்கும் இடையே உண்மையான வேறுபாடு இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

கொலை வீதத்திலும் ஒரு பொறி உண்டு. அதை எங்கள் மாவட்டங்களை வைத்தே விளக்கலாம். 2012 கணக்கெடுப்பில் முல்லைத்தீவு மாவட்டத்தின் சனத்தொகை சுமார் 92,000. அங்கே ஓர் ஆண்டில் ஒரு கொலை நடந்தால் வீதம் 1.1, காணித் தகராறு ஒன்றில் ஒரே நாளில் மூவர் இறந்தால் வீதம் 3.3. ஒரே ஒரு குடும்பத்தின் துயரம் முழு மாவட்டத்தையும் பட்டியலின் அடியிலிருந்து உச்சிக்குத் தூக்கிவிடும். அடுத்த ஆண்டு அது மீண்டும் அடிக்கு வந்துவிடும். 23 இலட்சம் பேர் வாழும் கொழும்பு மாவட்டத்தில் ஒரு கொலை வீதத்தை 0.04 மட்டுமே உயர்த்தும். சிறிய இடங்களை ஓர் ஆண்டுக் கணக்கை வைத்து வரிசைப்படுத்துவது அர்த்தமற்ற வேலை. ஐந்து அல்லது பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இலட்சத்தீவு போன்ற இந்தியாவின் சிறிய ஒன்றியப் பிரதேசங்களுக்கும் இதுவே பொருந்தும்.

பதிவே இல்லாத இடம் குற்றமில்லாத இடமாகத் தெரிவதற்கு நாகாலாந்து நல்ல உதாரணம். ஆண்டுதோறும் மிகக் குறைந்த குற்றவீதம் காட்டும் மாநிலங்களுள் அது ஒன்று. அங்கே கிராம சபைகளும் வழக்காற்று நீதியும் இந்திய அரசியலமைப்பின் 371 அ உறுப்புரையால் பாதுகாக்கப்பட்டவை. பெருந்தொகையான பிணக்குகள் பொலிசிடம் போகாமலே ஊர்ப் பெரியவர்களிடம் முடிந்துவிடுகின்றன. எங்கள் மத்தியஸ்த சபையும் ஓரளவுக்கு அத்தகையதே. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்கும் இந்தச் சபைகளுக்குச் சிறு காயம், வேலிச் சண்டை, பயிர் மேய்ந்த மாடு, கடன் வாக்குவாதம் எல்லாம் வருகின்றன. இங்கே இணக்கமாகி வீடு திரும்பும் இருவரைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால், அடிபட்ட பெண் ஒருத்தி சபைக்குக்கூட வராமல் கோயில் வீதியில் பெரியவர்கள் சொன்ன சொல்லோடு வீட்டுக்கு அனுப்பப்படும்போது, அந்த ஊரின் குற்றக் கணக்கு குறைந்து தெரிவதை நன்மை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

வன்னியில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியை வேறோர் ஆழத்திலிருந்து புரிந்துகொள்வார்கள் என்று நினைக்கிறேன். எங்கள் மண்ணில் மனிதர் வாழ்வு மிகவும் ஆபத்தில் இருந்த காலம் 2009 தை முதல் வைகாசி வரையான மாதங்கள். புதுக்குடியிருப்பிலும் மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என நம்பத்தக்க தரப்புகள் மதிப்பிட்டிருப்பதாக ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 இல் எழுதியது. அந்த மரணங்களில் ஒன்றுகூட எந்தப் பொலிஸ் பிரிவின் கொலைக் கணக்கிலும் எண்ணப்படவில்லை. அதற்கு முந்திய ஆண்டுகளில் வன்னியின் பெரும்பகுதி விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அவர்களுடைய காவல்துறையும் நீதிமன்றங்களும் கையாண்ட வழக்குகளும் கொழும்பின் புள்ளிவிபரத்தில் இல்லை. குற்றத்தை எண்ணுவதற்கு அரசுக்கு ஓர் அலுவலகமும் ஒரு பேரேடும் ஒரு மனமும் வேண்டும். மூன்றும் இல்லாத இடத்தில் பட்டியல் வெறுமையாக, அதாவது அமைதியாக, இருக்கும்.

காணாமல் ஆக்கப்பட்டோர் விடயம் இதைவிடக் கூர்மையானது. 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வரும் வரை, வலிந்து காணாமல் ஆக்குதல் என்ற பெயரில் ஒரு குற்றமே இலங்கைச் சட்டத்தில் இருக்கவில்லை. பெயரில்லாத குற்றத்துக்குப் பட்டியலில் நிரல் இல்லை; நிரல் இல்லாதபோது எண்ணவும் முடியாது. 2017 மாசி 20 ஆம் திகதி முதல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் தாய்மார் புகைப்படங்களை ஏந்தி அமர்ந்தார்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். நான் வாழ்நாள் முழுவதும் தொகுத்த அட்டவணைகளில் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஓர் இடமும் இருக்கவில்லை என்பது அன்று எனக்கு உறைத்தது, இன்றும் உறுத்துகிறது.

ஆபத்து என்பது குற்றத்தோடு முடிவதும் இல்லை. இலங்கையில் ஆண்டுதோறும் வீதி விபத்தில் இறப்போர் 2,000 க்கு மேல்; அது கொலைகளைவிடப் பல மடங்கு. ஏ9 வீதியில் இரவு பயணம் செய்வதும், வவுனியா வடக்கில் யானை வரும் பாதையில் விடிய முன் வயலுக்குப் போவதும், இன்னும் அகற்றி முடியாத வெடிபொருள் கிடக்கும் காட்டில் விறகு வெட்டுவதும் எந்தக் குற்றப் பட்டியலிலும் வராத ஆபத்துகள். இந்தியாவில் படிக்கப் போகும் பிள்ளைக்கும் வீதியைக் கடப்பதில்தான் அன்றாட ஆபத்து அதிகம்.

இனி உங்கள் மகளின் விடயத்துக்கு வருகிறேன். மாநிலம் என்பது மிகப் பெரிய அலகு. உத்தரப் பிரதேசத்தில் இருபது கோடிக்கு மேற்பட்டோர் வாழ்கிறார்கள். இலங்கையைப் போல ஏறத்தாழ பத்து நாடுகளின் சனத்தொகை அது. அங்கே நல்ல கல்லூரியும் அமைதியான நகரும் நிச்சயம் உண்டு. அந்த மாநிலத்தை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் குற்றப் பட்டியலைக் காரணம் காட்டிக் கேரளத்தை ஒதுக்குவது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். கொலை வீதமும், பெண்களிடம் நேரே கேட்ட ஆய்வும் கேரளத்துக்குச் சாதகமாகவே நிற்கின்றன. முறைப்பாடு கொடுத்தால் எழுதிக்கொள்ளும் பொலிஸ் இருக்கும் ஊர், ஒரு வெளிநாட்டு மாணவிக்கு ஒரு துணை. அந்தத் துணைதான் பட்டியலில் அந்த மாநிலத்தை மேலே ஏற்றி வைத்திருக்கிறது.

நீங்கள் விசாரிக்க வேண்டியவை வேறு. விடுதி கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறதா, வெளியே என்றால் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு, இறங்கும் இடத்திலிருந்து விடுதி வரை வெளிச்சம் உண்டா என்று கேளுங்கள். பாலியல் தொந்தரவு முறைப்பாடுகளை விசாரிக்கும் உட்குழு கல்லூரியில் இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் 2013 ஆம் ஆண்டிலிருந்து சட்டம்; அந்தக் குழுவின் தலைவர் யார், அவரை மாணவிகள் எப்படித் தொடர்பு கொள்வது என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் சொல்லும் கல்லூரியில் அந்தக் குழு உண்மையாகவே இயங்குகிறது என்று கொள்ளலாம். அங்கே ஏற்கனவே படிக்கும் மாணவிகள் இருவருடனாவது, பெற்றோர் அருகில் இல்லாதபோது, மகளைப் பேச விடுங்கள். எங்களிடம் சொல்லாததை அவர்கள் தங்களுக்குள் சொல்வார்கள். கொச்சியில் படித்துவிட்டு வந்த பிள்ளை ஒருவர் எங்கள் ஊரில் இருக்கிறார். நீங்கள் விரும்பினால், அவருடைய சம்மதத்தைக் கேட்டு, உங்கள் மகளுக்குத் தொடர்பு ஏற்படுத்தித் தருகிறேன்.